எவர்சில்வர் சைக்கிள்

ராஜபாளையத்தில் நான் வைத்திருந்த பாத்திரக் கடையின் தராசில், என் தங்கை மூன்று குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம், ஒன்று எவர்சில்வர். மூன்றும் ஒரு சாண் நீளம்.

மத்தியான நேரம். கடையில் ஆள் இல்லை. எதிரே பஞ்சு லாரி ஒன்று நின்றிருந்ததால் அடுக்கி வைத்த குடங்களின் மேலெல்லாம் பஞ்சு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துத் துடைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீயே பாருண்ணே. இரும்பும் எவர்சில்வரும் ஒரே கனம். அலுமினியம் பாதிகூட இல்ல" என்றாள்.

"கனத்த விடு. சத்தத்தக் கேளு." எடைக்கல்லை எடுத்து அலுமினியத் துண்டைத் தட்டினேன். டொக் என்றது. எவர்சில்வரைத் தட்டினேன். ணங்கென்று கடை முழுக்கக் கேட்டது. "கேட்டியா? இது பாத்திரம். அது தகரம்."

"நான் சைக்கிள்தான கேக்கேன், கோயில் மணியா கேக்கேன்?"

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. ஆனால் கடைசியில் நடந்தது நான் சொன்னதுதான். அண்ணன் என்கிற அதிகாரம் அப்படி.

போன வாரம் இந்தப் பத்தியில் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி கார்டு போட்டுக் கேட்டிருந்தார்: "நீங்கள் வெட்டியதிலேயே மறக்க முடியாத பெயர் எது?" கார்டை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். பதில் எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸை முந்திய சோறு

தங்கையின் பெயர் சூடிக்கொடுத்தாள். ரேஷன் கார்டில் அந்தப் பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வீட்டில் சூடி. அப்பா போன பிறகு வீட்டில் நான், அம்மா, அவள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கடை ராஜபாளையத்தில். எனக்கு மத்தியானச் சோறு அவள்தான் சைக்கிளில் கொண்டுவருவாள். பஸ் புறப்படும்போது அவளும் புறப்படுவாள். பஸ் அங்கங்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் இவள் கடை வாசலில் கேரியரை இறக்கியிருப்பாள். ரசம் கொதி அடங்காமல் இருக்கும்.

"ஏ ரெங்கா, ஒந்தங்கச்சிய ஒரு பெர்மிட் வாங்கச் சொல்லுப்பா. எங்களுக்கு வேலையில்லாம ஆக்கிப்புட்டா" என்று டிரைவர் ஒருவர் பஸ்ஸிலிருந்தே சத்தம் கொடுப்பார். எனக்குப் பெருமை தாங்காது.

அவள் படித்த பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார். இரவல் சைக்கிளிலேயே இரண்டு தடவை ஜெயித்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் மாஸ்டர் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மாவட்டத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே நல்லபடியாக ஓட்டினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. ஆனால் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இரவல் சைக்கிள் போதாது, பந்தய சைக்கிள் வேண்டும்.

அதே மாதம் கூமாப்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். அம்மாவுக்குப் பிடித்துப்போனது. சூடி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. தேர்வில் ஜெயித்தால் கல்யாணப் பேச்சே இல்லை, வேலைக்குப் போகலாம். தோற்றால் தை மாதம் கல்யாணம், மறுபேச்சுப் பேசக் கூடாது.

ஆகவே அந்தச் சைக்கிள் அவளுக்கு வெறும் சைக்கிள் இல்லை.

யார் கையில் அலுமினியம்

மதுரையில் பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் வெளிநாட்டு அலுமினிய பிரேம் ஒன்று விலைக்கு வந்திருந்தது. இருவரும் போய்ப் பார்த்தோம். சூடி அதை ஒற்றை விரலில் தூக்கி நிறுத்தினாள். அவள் முகம் அன்று இருந்த மாதிரி பிறகு நான் பார்த்ததே இல்லை.

"எம்புட்டு லேசா இருக்கு பாருண்ணே!"

நான் பார்த்தது வேறு. அலுமினியம் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் என்ன மதிப்பு என்று இன்றைக்கு உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியாது. பிச்சைக்காரன் கையில் இருப்பது அலுமினியத் தட்டு. ஜெயிலில் கொடுப்பது அலுமினியத் தட்டு. பெரியாஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றுவது அலுமினியத் தட்டில். எண்பதுகளில் ஊரே பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கியது. பாட்டன் காலத்துப் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதில் கால்வாசி கனமில்லாத எவர்சில்வர் குடத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிப் போன பெண்களை எனக்குத் தெரியும். சீர்வரிசையில் ஓர் அலுமினியக் கரண்டி கிடந்தால்கூடச் சம்பந்தி வீட்டில் பேச்சு வந்துவிடும்.

நானோ எவர்சில்வர் கடைக்காரன். என் தங்கை ஊர் பார்க்க அலுமினியத்தில் ஏறிப் போவதா?

மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிவிட்டேன். "அலுமினியம் வேண்டாம்டி. ஒரு கல்லு பட்டா ஒடுங்கிப்போகும். நான் எவர்சில்வர்லயே செஞ்சு தாரேன். துருப் பிடிக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள்தான் அந்த மூன்று துண்டுகளோடு கடைக்கு வந்து தராசில் வைத்துக் காட்டினாள். நான் எடைக்கல்லால் தட்டினேன். அதைத்தான் மேலே எழுதினேன்.

ராமையா அண்ணன்

மில்களுக்கு ஆர்கான் வெல்டிங் செய்து கொடுக்கும் ராமையா அண்ணனிடம் போனேன். "ஒத்து, ஒத்து" என்றார் எடுத்த எடுப்பில். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

"மாடிப்படிக் கைப்பிடி செய்ற குழாய்ல சைக்கிளா? நான் செஞ்சதே இல்லையே ரெங்கா. பொம்பளப்புள்ள உசுரு."

"நீங்க செய்யாம வேற யாருண்ணே செய்வா? சும்மா செய்ங்க."

கனத்தைக் குறைக்க வேண்டுமே என்று இருப்பதிலேயே மெல்லிசான குழாயாகப் பார்த்து எடுத்தோம். மனுஷர் பத்து நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் ஒரு நாளைக்கு இரவல் வாங்கித் தந்த பந்தய சைக்கிளைக் கயிறு போட்டு அளந்து, சுவரில் கரியால் கோடு போட்டு, ஒவ்வொரு மூட்டையும் பற்றவைத்து, அராவி, மறுபடி பார்த்து, மனசுக்குப் பிடிக்காவிட்டால் அறுத்துப் போட்டு, திரும்பப் பற்றவைத்தார். கடைசியில் தானே ஏறி, பட்டறை வாசலில் இருந்த மேடு பள்ளத்திலெல்லாம் விழுந்து எழுந்து ஓட்டிப் பார்த்தார். அவருக்கு நல்ல தொந்தி. "என்னயத் தாங்குனா பாப்பாவத் தாங்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சூடி இரண்டு மாதம் அதில் பழகினாள். தினமும் காலையில் வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரைக்கும் போய்த் திரும்புவாள். முதல் வாரம் முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் கேரியரை இறக்கி வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"நல்லாத்தாண்ணே ஓடுது. அலுமினியம் மாதிரி இல்ல. ஆனா இதும் ஓடுது. ராமையாண்ணன்ட்ட சொல்லிரு."

நான் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "செரி, செரி" என்றார்.

வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது.

பூங்கொடி

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், பளபளப்பு ஏற்றித் தருகிறேன் என்று சைக்கிளைக் கடைக்கு வாங்கி வந்தேன். புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் நிறுத்தியபோது கண் கூசியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "யாரு செஞ்சு குடுத்தது?" என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்விதான் வினை.

எவர்சில்வரில் ஒரு பொருளைக் கொடுத்தால் கொடுத்தவர் பெயரை வெட்டாமல் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒரு தம்ளர் என்றாலும் 'அன்பளிப்பு' என்று போட்டு இன்னார் என்று இருக்க வேண்டும். அந்த வேலையை நானே செய்வேன். வெட்டி முடித்து விளக்குக் கரியை அழுத்தித் தேய்த்தால், புள்ளிகளுக்குள் கரி ஏறி எழுத்துப் பளிச்சென்று தெரியும். பத்திரிகைக்காரர்கள் தேர்வன்று படம் எடுப்பார்கள் என்று மாஸ்டர் வேறு சொல்லியிருந்தார். படத்தில் என் பெயர் தெரிய வேண்டாமா? இப்படித்தான் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்படித்தான் நினைத்தேன்.

முன் மூட்டிலிருந்து கீழே சாய்ந்து வரும் குழாய்தான் நன்றாகக் கண்ணில் படும். பெயர் வெட்டும் மெஷின் உருண்டைக் குழாயில் வழுக்கியது. ஆகவே ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். 'சூடிக்கொடுத்தாளுக்கு அண்ணன் ரெங்கன் அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாக அடித்தேன். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். குடத்தின் கழுத்தில் போடுவது மாதிரி ஒரு பூங்கொடி இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று, எழுத்துக்கு மேலே, ராமையா அண்ணன் பற்றவைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல, குழாயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன். நெருக்கி நெருக்கி, நல்ல ஆழமாக.

சூடி வந்து பார்த்தாள். எழுத்தை விரலால் தடவினாள். "ஏண்ணே, சைக்கிள்லயுமா?" என்று சிரித்தாள். "சீரு குடம்னு நெனச்சுட்டியா?"

"இருக்கட்டும்டி. நீ ஜெயிச்சா நாலு பேரு பாக்கணும்ல."

ஓடைப் பாலம்

தேர்வுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்டு, மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். ஏழு பெண்கள். நான் மொபெட்டில் பின்னால் போனேன். திரும்பும்போது சூடிதான் முன்னால். இரண்டாவது வந்த பெண் நல்ல தூரத்தில் இருந்தாள். ஊர் எல்லை வந்துவிட்டது. கோபுரம் தெரிகிறது. நான் கத்திக்கொண்டே போகிறேன்.

ஓடைப் பாலத்தில் ஒரு சின்ன மேடு. ஏறி இறங்கியபோது சத்தம் கேட்டது. ணங். கடையில் நான் எடைக்கல்லால் தட்டிக் காட்டிய அதே சத்தம்.

நான் பெயர் வெட்டிய அந்தச் சாய்ந்த குழாய் இரண்டாகிவிட்டது. முன் சக்கரம் உள்ளே மடங்கி, அவள் முகம் குப்புற ரோட்டில் விழுந்தாள். நான் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். முன்பல் இரண்டு போய்விட்டது. காறை எலும்பு முறிந்து தோள் தொங்கியது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் அழவில்லை. கன்னத்தைத் தாரில் வைத்தபடி, பக்கத்தில் கிடந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பந்தயத்துக்குப் பின்னால் வந்த வேனில் அவளை ஏற்றிவிட்டு, சைக்கிளை எடுக்கக் குனிந்தபோதுதான் நான் பார்த்தேன். ராமையா அண்ணன் பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. முறிந்தது அதற்குக் கீழே. தபால் தலையைக் கிழித்தால் ஓரத்தில் அரை அரைப் புள்ளியாக இருக்குமே, அந்த மாதிரி. என் பூங்கொடி வட்டத்தோடு சரியாக முறிந்திருந்தது.

மேலே போட்டிருந்த துண்டை எடுத்து அதன்மேல் சுற்றினேன். ஏன் சுற்றினேன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஏசியது

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கஞ்சி வந்தது. தட்டைப் பார்த்துவிட்டு, வீங்கின உதட்டோடு, "பாத்தியாண்ணே, நீ வேண்டாம்னாலும் அலுமினியம் என்னயத் தேடி வந்துருச்சு" என்றாள். அம்மா அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

"அந்த வெல்டிங்காரன் கையில கொள்ளி வைக்க" என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வெல்டிங் சரியில்லை. நான் மறுக்கவில்லை. மறுக்காததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் நாள் ராமையா அண்ணன் பட்டறைக்கே போய், நாலு பேர் நிற்கும்போது ஏசினேன்.

"ஒம்மள நம்பித்தானய்யா குடுத்தேன்! ஒரு புள்ளையோட வாழ்க்கையையே கெடுத்துப்புட்டீரே!"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தக் குழாயக் கொஞ்சம் கொண்டாந்து காட்டு ரெங்கா. எங்க தப்புப் பண்ணுனேன்னு பாத்துக்கிடுதேன்" என்றார்.

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றேன். அது கடைப் பரணில் கோணியில் சுற்றிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆள் ஏறும் எதையும் பற்றவைக்கவில்லை. நாற்காலி, ஊஞ்சல், சைக்கிள், எதைக் கொண்டுபோனாலும் "ஒத்து" என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொன்னார்கள். சில வருஷத்தில் நெஞ்சு வலியில் போய்விட்டார். எழவுக்குப் போனேன். வாசலில் நின்று மாலை போட்டுவிட்டு, உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

கூமாப்பட்டி

தை மாதம் கல்யாணம் நடந்தது. பேசினபடி அவள் மறுபேச்சுப் பேசவில்லை. சீர்ப் பாத்திரங்களைக் கோணியில் கட்டும்போது மட்டும், "பரண்ல கெடக்குல்ல, அந்த ஒடஞ்சதையும் போட்டுக் கட்டுண்ணே" என்றாள். பரணில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் திக்கென்றது. கேட்கத் தைரியமில்லை. கட்டிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் பிறகு சைக்கிளில் ஏறவே இல்லை. தோள் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. வத்திராயிருப்புக்குச் சந்தைக்குப் போக வேண்டுமென்றாலும் பஸ்ஸுக்குத்தான் நிற்பாள். பஸ்ஸை முந்திக்கொண்டு சோறு கொண்டுவந்தவள், செத்த நேரம் முன்னாலேயே வந்து பஸ்ஸுக்கு நிற்பாள்.

ராமையா அண்ணன் இறந்த அடுத்த வருஷம் என்று நினைவு. பொங்கல்படிச் சீர் கொடுக்கக் கூமாப்பட்டி போனேன். அடுப்படியில் விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. சூடி குனிந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாண்ணே, இரு, உலை கொதிக்கப் போகுது" என்று குழலைக் கீழே வைத்துவிட்டு அரிசி எடுக்கப் போனாள்.

நான் குழலைக் கையில் எடுத்தேன். நல்ல நீளமான எவர்சில்வர் குழாய். வாய் வைக்கும் பக்கம் அறுத்து வழவழவென்று தேய்த்திருந்தது. நெருப்புப் பக்கத்து ஓரம் அரை அரைப் புள்ளியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், அடுப்புக் கரி புள்ளிகளுக்குள் ஏறி, கடையில் நான் தேய்த்ததைவிடத் தெளிவாக என் பெயர் இருந்தது. அண்ணன் ரெங்கன் அன்பளிப்பு.

அரிசியோடு வந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். அரிசியை உலையில் போட்டாள்.

"எப்படிடி தெரியும் ஒனக்கு?"

"ரோட்டுல கெடந்தேன்ல, அப்பவே. மூஞ்சிக்கு நேராத்தான் கெடந்துச்சு."

"பொறவு ஏன் சொல்லல? ஆஸ்பத்திரியிலயாவது சொல்லிருக்கலாம்ல? அம்மா அவர ஏசும்போதாவது?"

அவள் என் கையிலிருந்து குழலை வாங்கினாள்.

"நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேண்ணே. ராமையாண்ணன் இருந்த வரைக்கும் இருந்தேன்."

குனிந்து அடுப்பை ஊதினாள்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை தேடினாள், கிடைக்கவில்லை. சீரில் கொடுத்த எவர்சில்வர் தட்டில் சோறு போட்டாள். விளிம்பில் என் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை எதிரே திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.